ஹார்வர்டு இலவசமாம்!

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களைப் பார்த்துத் தமிழ்நாடு பாடம் கற்க வேண்டும் என்று சென்ற இதழில் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். ஹார்வர்டில் ஏழைக்குப் படிப்பு இலவசம். பணக்காரனிடம் முழுக் கட்டணத்தையும் வாங்கி அந்தப் பணத்தில் ஏழையைப் படிக்கவைக்கிறார்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது குடும்ப வருமானத்தைப் பார்ப்பதே கிடையாது. ஆகவே திறமை இருப்பவன் உள்ளே போய்விடுவான் என்பது அவர் வாதம். நாமோ எல்லோருக்கும் கட்டணத்தைக் குறைத்து, ஒதுக்கீட்டுக்கு மேல் ஒதுக்கீடு வைத்து, கல்லூரிகளைக் கெடுத்து வைத்திருக்கிறோமாம். கட்டணத்தை ஏற்றுங்கள், ஏழைக்கு உதவித்தொகை கொடுங்கள், ஒதுக்கீட்டை எடுத்துவிடுங்கள் என்று முடிக்கிறார்.

இதில் உள்ள தகவல்களில் பாதி உண்மை. அதனால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. முழுப் பொய்யாக இருந்தால் படித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச்சில் ஹார்வர்டு அறிவித்தபடி, ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாமே இலவசம். இரண்டு லட்சம் டாலர் வரை வருமானம் இருந்தால் கல்விக் கட்டணம் இல்லை. பிரின்ஸ்டன் 2001இலேயே கல்விக் கடனை விலக்கிவிட்டு முழுவதையும் உதவித்தொகையாகவே கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 87,000 டாலர் செலவு பிடிக்கும் ஓர் இடத்தில், அலுவலகம் கூட்டிப் பெருக்குகிறவரின் மகள் ஒரு காசு கட்டாமல் படிக்கலாம். இதை மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட மகள்கள் அங்கே எத்தனை பேர் என்று கட்டுரையாளர் ஓர் இடத்திலும் கேட்கவில்லை. உதவித்தொகை எவ்வளவு என்பதை டாலர் கணக்கில் துல்லியமாகச் சொல்கிறவர், அதை வாங்குகிறவர்களை மட்டும் எண்ணாமல் விட்டுவிட்டார்.

எண்ணியவர்கள் இருக்கிறார்கள். ராஜ் செட்டி என்ற பொருளியலாளர் ஹார்வர்டிலேயே பேராசிரியர். பெற்றோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வளர்ந்தவர்கள். அவரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்க வருமானவரிப் பதிவுகளையும் கல்லூரிப் பதிவுகளையும் ஒப்பிட்டு 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அடிமட்டத்து 60 சதவீதக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்களைவிட, உச்சியில் இருக்கும் ஒரே ஒரு சதவீதக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அதிகமாக இருந்த கல்லூரிகள் 38. ஐவி லீக் என்று பெயர்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் எட்டில் ஐந்து அந்தப் பட்டியலில் உண்டு: டார்ட்மத், பிரின்ஸ்டன், யேல், பென்சில்வேனியா, பிரவுன். செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உச்சி ஒரு சதவீதத்தார் 21.7 சதவீதம், அடிமட்டம் அறுபதும் சேர்ந்து 6.1 சதவீதம். இது 1991ஐ ஒட்டிப் பிறந்த பிள்ளைகளின் கணக்கு. அவர்கள் கல்லூரி வாசலை மிதித்தபோது பிரின்ஸ்டனில் கடனில்லாத உதவித்தொகை வந்து எட்டு ஆண்டு ஆகியிருந்தது. ஹார்வர்டு ஏழைக் குடும்பங்களிடம் பணம் கேட்பதை நிறுத்தி ஐந்து ஆண்டு. அதாவது கட்டுரையாளர் மருந்து என்று நீட்டும் பாட்டில் அப்போதே திறந்திருந்தது. நோய் அப்படியே இருந்தது.

திறமைதான் காரணம் என்பார். அதற்கும் அதே குழு 2023இல் பதில் சொல்லிவிட்டது. ஐவி லீக் எட்டோடு ஸ்டான்ஃபோர்டு, எம்ஐடி, டியூக், சிகாகோ ஆகிய நான்கையும் சேர்த்துக்கொண்டார்கள். நுழைவுத்தேர்வில் ஒரே மதிப்பெண் எடுத்த இரண்டு பிள்ளைகள். ஒன்று நடுத்தர வீட்டுப் பிள்ளை, மற்றது உச்சி ஒரு சதவீதத்து வீட்டுப் பிள்ளை. இந்தப் பன்னிரண்டில் ஒன்றில் படிக்க, பணக்காரப் பிள்ளைக்கு இரண்டு மடங்குக்கு மேல் வாய்ப்பு. மதிப்பெண் ஒன்றாக இருந்தும் இந்த நிலை. அதே அமெரிக்காவில் மாநில அரசுகள் நடத்தும் முதன்மைப் பல்கலைக்கழகங்களின் சேர்க்கையில் இந்தச் சாய்வு தென்படவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. நமக்கு முன்மாதிரி தேடுகிறவர் அரசுப் பல்கலைக்கழகத்தைத் தாண்டிப் போய்த் தனியாரின் காலில் விழுந்திருக்கிறார்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பார்த்தால், மிக ஏழை வீட்டுப் பிள்ளைக்கு நடுத்தரப் பிள்ளையைவிடச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. கட்டுரையாளர் இதைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த மதிப்பெண்ணை எடுக்கும் ஏழைப் பிள்ளைகள் எத்தனை பேர்? 1,600க்கு 1,300 அல்லது அதற்கு மேல் எடுக்கும் வாய்ப்பு, உச்சி ஒரு சதவீதத்து வீட்டுப் பிள்ளைக்கு ஏழை வீட்டுப் பிள்ளையைவிட 13 மடங்கு. கல்லூரி தரும் இலவசச் சாப்பாடு, பிள்ளை பதினெட்டு வயதைத் தாண்டி உள்ளே வந்த பிறகு போடும் சாப்பாடு.

பணக்காரப் பிள்ளைக்கு அந்த இரண்டு மடங்கு எங்கிருந்து வருகிறது? முதல் வழி, அப்பாவோ அம்மாவோ அங்கே படித்திருப்பது. ஹார்வர்டு மீது நடந்து, 2023 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்த வழக்கில், பல்கலைக்கழகத்தின் உள் கணக்குகள் வெளியே வந்தன. ஆறு ஆண்டுச் சேர்க்கையில், முன்னாள் மாணவரின் பிள்ளை விண்ணப்பித்தால் மூவரில் ஒருவருக்கு இடம். மற்றவர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு. இடம் பெற்ற வெள்ளைக்கார மாணவர்களில் 43 சதவீதம் பேர் முன்னாள் மாணவரின் பிள்ளை, விளையாட்டு வீரர், பேராசிரியரின் பிள்ளை, அல்லது டீன் தனியாக வைத்திருந்த பட்டியலில் இருப்பவர். அந்தப் பட்டியலில் நன்கொடையாளர்களின் உறவுகள் இருந்தன. விளையாட்டு என்றதும் தெருவில் ஆடும் கூடைப்பந்தை மட்டும் நினைக்க வேண்டாம். துடுப்புப் படகு, வாள்வீச்சு, ஸ்குவாஷ், பாய்மரப் படகு எல்லாம் உண்டு. பாய்மரப் படகு ஓட்டிப் பழகிய ஏழை வீட்டுப் பிள்ளையைக் கட்டுரையாளர் எங்காவது சந்தித்திருந்தால் எனக்கும் அறிமுகப்படுத்தட்டும்.

நம் ஊரிலும் மேனேஜ்மென்ட் கோட்டா இருக்கிறது. அதை நான் ஆதரிப்பவன் இல்லை. ஆனால் எந்தக் கல்லூரியில் எத்தனை சீட் அரசுக் கலந்தாய்வுக்கு, எத்தனை நிர்வாகத்துக்கு என்பது அச்சில் வரும். தரவரிசை எண், கட்-ஆஃப், இனச்சுழற்சி எல்லாவற்றையும் ஒரு விவசாயக் கூலியின் மகன் செல்போனில் பார்த்துக் கேள்வி கேட்கலாம். ஹார்வர்டின் டீன் பட்டியலை வெளியே கொண்டுவர நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

குடும்ப வருமானத்தைப் பார்ப்பதில்லை என்ற பெருமைக்கு வருவோம். 1994இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சலுகை கொடுத்தது; 2022 வரை அது அமலில் இருந்தது. மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் சேர்க்கும் பல்கலைக்கழகங்கள் மட்டும், உதவித்தொகையைக் கணக்கிடும் முறையைத் தங்களுக்குள் கலந்து பேசிக்கொள்ளலாம். விலைக்கூட்டுச் சதி என்று சட்டம் அவற்றின் மேல் பாயாது என்பதே அந்தச் சலுகை. சாதாரண வியாபாரிகள் இப்படிக் கூடிப் பேசினால் வழக்கு வரும். 2022இல் முன்னாள் மாணவர்கள் சிலர் பதினேழு பல்கலைக்கழகங்களை நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். நீங்கள் பெரும் நன்கொடையாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் கொடுக்கிறீர்கள், ஆகவே பண வசதியைப் பார்க்கத்தான் செய்கிறீர்கள், கூடிப் பேசி எங்களுக்கு வர வேண்டிய உதவித்தொகையையும் குறைத்துவிட்டீர்கள் என்பது குற்றச்சாட்டு. பல்கலைக்கழகங்கள் எதுவும் தப்பை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் யேல், கொலம்பியா, டியூக், பிரவுன் உள்ளிட்ட பன்னிரண்டு, மொத்தம் சுமார் 32 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன. ஹார்வர்டு இந்த வழக்கில் இல்லை. கட்டுரையாளர் ஹார்வர்டோடு சேர்த்துப் புகழ்ந்த யேல் இருக்கிறது.

பணக்காரப் பிள்ளை உள்ளே போகும் இன்னொரு வழி சத்தமில்லாதது. முன்கூட்டியே விண்ணப்பிக்கும் முறை என்று ஒன்று பல பெரிய கல்லூரிகளில் உண்டு. நவம்பர் தொடக்கத்தில் ஒரே ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இடம் கிடைத்தால் கட்டாயம் சேர்கிறேன் என்று அப்போதே கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சுற்றில் இடம் கிடைக்கும் விகிதம் கூடுதல். ஆனால் வேறு கல்லூரி எவ்வளவு உதவி தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. செலவைப் பற்றிக் கவலைப்படாத வீடு கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடும். நாலு இடத்தில் விசாரித்து எங்கே குறைவு என்று பார்க்க வேண்டிய வீடு மார்ச் வரை காத்திருக்கும். இது வசதி படைத்தவர்களுக்கே சாதகம் என்று சொல்லித்தான் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006இல் முன்கூட்டிய சேர்க்கையைக் கைவிட்டன. 2011இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டன. இவற்றின் தற்போதைய முறையில் கட்டாயம் சேர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் போட்டிக் கல்லூரிகள் விடாதபோது தாங்கள் மட்டும் நல்லவர்களாக இருக்க முடியவில்லை என்பதே அந்த ஐந்து ஆண்டின் கதை.

கட்டுரையில் என்னை மிகவும் எரிச்சலூட்டிய வரி, ஏழைகள் விண்ணப்பிப்பதே இல்லை, அது அவர்கள் குற்றம் என்பது. விண்ணப்பிப்பதில்லை என்பது சரி. பொருளியலாளர்கள் கரோலின் ஹாக்ஸ்பியும் கிறிஸ்டோபர் ஏவரியும் இதைப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே காட்டினார்கள்: நல்ல மதிப்பெண் எடுத்த ஏழை மாணவர்களில் பெரும்பாலோர் தகுதிக்கேற்ற எந்தப் பெரிய கல்லூரிக்கும் விண்ணப்பமே போடுவதில்லை. குற்றம் யாருடையது என்பதைக் காட்டும் ஒரு சோதனை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

2015இல், அந்த மாநிலத்து அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளைப் பொருளியலாளர் சூசன் டைனார்ஸ்கியின் குழு தேர்ந்தெடுத்தது. அவர்களில் குலுக்கல் முறையில் ஒரு பாதிப் பள்ளிகளின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் நிறங்களான மஞ்சளிலும் நீலத்திலும் ஒரு பெரிய தபால் உறை போயிற்று. உள்ளே ஒரு கடிதம்: உனக்கு இடம் கிடைத்தால் நான்கு ஆண்டும் கல்விக் கட்டணம் கிடையாது, உதவித்தொகைப் படிவம் எதையும் நிரப்ப வேண்டாம். பெற்றோருக்குத் தனியாக ஒரு கடிதம், தலைமை ஆசிரியருக்குத் தகவல். அவ்வளவுதான். இதில் புதுப் பணம் ஏறக்குறைய எதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு, முறைப்படி விண்ணப்பித்துப் படிவங்களை நிரப்பியிருந்தால், அதே சலுகை முன்பும் கிடைத்திருக்கும். மாறியது ஒன்றே: கிடைக்கலாம் என்பது கிடைக்கும் என்று ஆனது. கடிதம் போகாத பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் விண்ணப்பித்தார்கள். கடிதம் போனவர்களில் 68 சதவீதம். சேர்ந்தவர்கள் 12இலிருந்து 27 சதவீதம் ஆனார்கள்.

படிவம் நிரப்புவது அவ்வளவு பெரிய காரியமா என்று கேட்பவர் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நின்றதில்லை. அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே அரசு உதவிக்கான பொதுப் படிவத்தை எளிமையாக்குகிறோம் என்று 2023இல் கிளம்பினார்கள். வழக்கமாக அக்டோபரில் வர வேண்டியது டிசம்பர் கடைசியில் வந்தது. இணையதளம் திக்கியது. பெற்றோருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாத பிள்ளைகளால் படிவத்தை முடிக்கவே முடியவில்லை. கல்லூரிகளுக்குத் தகவல் போய்ச் சேர மார்ச் ஆயிற்று. முழுக் கட்டணம் கட்டும் வீட்டில் இப்படி ஒரு குளறுபடி நடந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

உள்ளே போனவர்களின் கதையையும் பார்க்க வேண்டும். அந்தனி ஜாக் என்ற சமூகவியலாளர் 2019இல் எழுதிய நூலில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் வசந்த விடுமுறை வருகிறது. விடுமுறையில் எல்லோரும் வீட்டுக்கோ கடற்கரைக்கோ போய்விடுவார்கள் என்று உணவுக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். ஊருக்குப் போக டிக்கெட் காசு இல்லாத மாணவர்கள் பட்டினி கிடந்திருக்கிறார்கள். முழு உதவித்தொகை பெறும் மாணவர்கள்தான். இவர்கள் இருப்பதே நிர்வாகத்தின் நினைவில் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

கட்டுரையைப் படித்துவிட்டு நம் ஊர்ப் பெற்றோர் யாராவது ஆசைப்பட்டிருந்தால் அவர்களுக்கு ஒன்று. வெளிநாட்டு மாணவருக்கும் பண வசதியைப் பார்க்காமல் இடம் கொடுத்து முழு உதவியும் செய்யும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, டார்ட்மத் போன்றவை அவற்றில் சில. ஸ்டான்ஃபோர்டு அப்படி இல்லை; வெளிநாட்டு மாணவர் உதவி கேட்டால், கேட்டார் என்பதே இடம் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவில் கணக்கில் வரும். கட்டுரையாளர் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி நம் தலையில் வைத்துவிட்டார்.

இனி அவருடைய யோசனை. கட்டணத்தை ஏற்று, ஏழைக்குத் தள்ளுபடி கொடு. இது ஏதோ இந்தியா காணாத அதிசயம்போல எழுதியிருக்கிறார். ஐஐடிகளில் 2016இலேயே இதைச் செய்தாகிவிட்டது. ஆண்டுக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து இரண்டு லட்சம் ஆயிற்று. பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கும், ஒரு லட்சத்துக்குள் வருமானம் உள்ள குடும்பத்தாருக்கும் முழுத் தள்ளுபடி. ஐந்து லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஐந்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியவருக்கு, வேறு சலுகை இல்லையென்றால், கடன்.

முழுத் தள்ளுபடி உரிமை இருந்த ஒரு பட்டியல் சாதி மாணவருக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம். உத்தரப் பிரதேசத்தின் முசாஃபர்நகர் மாவட்டம், தந்தை தினக்கூலி. 2024இல் தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்தது. இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய், ஜூன் 24 மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் கட்ட வேண்டும். ஊரில் திரட்டிய பணம் கடைசி நேரத்தில்தான் கைக்கு வந்தது. நேரம் முடிந்து இணையதளம் மூடிக்கொண்டது, இடம் போயிற்று. அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் அவர் நம் உயர் நீதிமன்றம் வரை வந்தார். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம், அரசியலமைப்பின் 142ஆவது பிரிவின் கீழுள்ள தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி, அவருக்குக் கூடுதலாக ஓர் இடம் உண்டாக்கச் சொன்னது. சட்டத்தில் தள்ளுபடி இருந்தும் 17,500 ரூபாய்க்காக ஒரு மாணவர் தலைமை நீதிபதி முன் நிற்க வேண்டியிருந்தது. நீதிமன்றம் வரை போகாமல் கூலி வேலைக்குத் திரும்பியவர்களின் கணக்கு எந்தத் தீர்ப்பிலும் வராது.

ஒதுக்கீட்டை எடு என்கிறார். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 அக்டோபர் கடைசியில் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளில், நீட் வந்த பிறகு, அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டிலேயே பல் மருத்துவத்தையும் சேர்த்து ஏறத்தாழ 400 இடம். இதற்கிடையில் அரசு உதவித்தொகையைக் கூட்டியதா? இல்லை. வாசலைத் திறந்தது. பணம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் அடிபட்ட பிறகு: நவம்பர் கலந்தாய்வில் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்த சில மாணவர்கள் கட்டணம் கட்ட வழியில்லாமல் சீட்டை விட்டுவிட்டுப் போனார்கள்; செய்தி வெளியானதும் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. இடமும் வேண்டும், பணமும் வேண்டும். இடம் இல்லாத பணத்தால் ஒரு பிள்ளையும் உள்ளே வருவதில்லை. இந்த ஒதுக்கீடு செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2022இல் தீர்ப்பு சொல்லிவிட்டது.

ஹார்வர்டிடம் 5,000 கோடி டாலருக்கு மேல் அறக்கட்டளைச் சொத்து இருக்கிறது. அந்தப் பணத்திலிருந்து அது உதவுகிறது. நம் அரசுக் கல்லூரிகளிடம் இருப்பது அடுத்த பட்ஜெட் மட்டும். கட்டணத்தை இன்றைக்கு ஏற்றிவிட்டு உதவித்தொகையை எப்போதோ விடுவிக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. பட்டியல் சாதி மாணவரைக் கேளுங்கள், சொல்லுவார். ஹார்வர்டும் எதையும் சும்மா கொடுக்கிற இடமில்லை என்பது தமிழனுக்குத் தெரியாததா? அங்கே தமிழ் இருக்கை அமைய 60 லட்சம் டாலரை உலகம் முழுக்கத் துண்டேந்தித் திரட்டினோம். தமிழ்நாடு அரசு மட்டும் பத்துக் கோடி ரூபாய் கொடுத்தது.

கட்டுரையாளர் இதே யோசனையை மறுபடி எழுதுவதானால், உதவித்தொகை எத்தனை டாலர் என்பதோடு, அடிமட்டத்து வீடுகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் உள்ளே போனார்கள் என்பதையும் பக்கத்தில் போடட்டும். அந்த இரண்டாவது எண்ணைக் காட்டாதவரை, அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு ரூபாயை ஏற்றுவதற்கோ ஏழரை சதவீதத்தில் ஒரு புள்ளியைக் குறைப்பதற்கோ அவரிடம் வாதம் என்று எதுவும் இல்லை.